குகையின் ஆசானும் வீதியின் கங்காணியும்: தம்புள்ளை வரலாற்றில் தொழில் தலைமையின் இரு மரபுகள்

ஒரு வேலைத்தலத்தில் பலருக்குத் தலைமை தாங்குபவர் இரண்டு கடமைகளை ஒருங்கே சுமக்கிறார். குறித்த வேலையைக் குறித்த காலத்தில், குறித்த செலவுக்குள் முடிப்பிப்பது அவற்றுள் ஒன்று. அவ்வேலையைச் செய்வோரின் கைத்திறனையும் தீர்மானிக்கும் ஆற்றலையும் வளர்த்து, நாளை அவர்கள் தாமாகவே அதைச் செய்யும் நிலைக்குக் கொண்டுவருவது மற்றொன்று. முன்னதை முகாமைத்துவம் என்றும் பின்னதைப் பயிற்றுவித்தல் என்றும் இன்றைய நிருவாகவியல் வகுத்துரைக்கிறது. இரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே நல்ல தலைமை என்று பயிற்சி வகுப்புகள் போதிக்கின்றன. ஆயின் அச்சமநிலை பெரும்பாலும் தலைவரின் குணத்தையும் பொறுமையையும் பேச்சுத்திறனையும் சார்ந்தது என்றே கருதப்படுகிறது. வரலாறோ அதைவிட ஆழமான ஒரு காரணத்தைக் காட்டுகிறது: தன்கீழ் வேலை செய்பவர் திறனில் வளர்ந்தால் தலைவருக்கு நன்மை விளையுமாறு அந்தத் தொழில் அமைந்திருக்கிறதா, இல்லையா என்பதே கற்பித்தலின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இதை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளை ஏற்ற இடமாகும். அங்குள்ள கற்குன்றின் குகை விகாரைகளில் தலைமுறை தலைமுறையாக ஓவியம் தீட்டிய ஆசான்களின் மரபும், அக்குன்றின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் வடக்கு வீதியில் தென்னிந்தியத் தொழிலாளர்களை அழைத்துச் சென்ற கங்காணிகளின் மரபும் ஒரே நிலப்பரப்பில் ஒன்றையடுத்து ஒன்று செயற்பட்டவை. இரண்டிலும் ஒரு மூத்தவர் இளையோர் குழுவொன்றை வழிநடத்தினார். இரண்டிலும் உறவுமுறையும் அதிகாரமும் பின்னிக் கிடந்தன. எனினும் ஒன்றில் கற்பித்தல் தழைத்தது, மற்றொன்றில் அது கணக்கேட்டின் அடியில் புதைந்துபோனது.

குன்றும் திருப்பணியும்

தம்புள்ளைக் குகைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னனால் விகாரையாக்கப்பட்டவை என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன் அங்கிருந்த புத்தர் படிமங்களுக்குப் பொன் பூசுவித்தான். ‘ரங்கிரி’, அதாவது பொன்மலை, என்னும் அடைமொழி அவ்விடத்துக்கு இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஐந்து குகைகளிலும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படிமங்களும், ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் சுவரோவியங்களும் உள்ளன. 1991ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்வளாகத்தை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பகுதி கண்டி இராச்சியக் காலத்தைச் சேர்ந்தது. குறிப்பாக, 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி சிறி இராசசிங்கனின் திருப்பணியில் உருவானது. மதுரை நாயக்கர் உறவில் வந்த அம்மன்னன், தென்னாட்டவன் என்ற ஐயுறவையும் 1760இல் தனக்கெதிராக எழுந்த சதியையும் எதிர்கொண்டவன். பௌத்த சமயத்தின் காவலன் எனத் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள, கைவிடப்பட்டுக் கிடந்த விகாரைகளை அவன் நாடெங்கும் புதுப்பித்தான். தம்புள்ளையின் மூன்றாம் குகையான மகா அலுத் விகாரை அவ்வாறு எழுந்தது. அதனுள் அவனுடைய உருவச்சிலையும் நிற்கிறது. இத்தனை பெரிய பரப்பை, கரடுமுரடான பாறைக் கூரை உட்பட, சாரம் கட்டி, சாந்து பூசி, கோடிட்டு, வண்ணம் தீட்டி முடிப்பது ஒருவரின் கையால் ஆகக்கூடியதன்று. ஒரே கை வரைந்ததுபோலத் தோன்றும்படி பல கைகளைப் பழக்கி ஒழுங்குபடுத்திய தலைமை அதன் பின்னால் இருந்திருக்கிறது.

ஆசானின் பட்டறை

அந்த ஓவியர்கள் சிங்களத்தில் ‘சித்தர’ எனப்பட்டனர். கொல்லர், தட்டார், தச்சர் ஆகியோருடன் அவர்கள் ‘நவந்தன்ன’ என்னும் கம்மியர் சாதிக்குள் அடங்கினர்; தமிழகத்துக் கம்மாளர் சமூகத்துக்கு இணையாக அதைக் கொள்ளலாம். தம்புள்ளை வட்டாரத்தின் நீலகமவைச் சேர்ந்த ஓவியர் குலம் இவர்களுள் பெயர்பெற்றது. கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவ விகாரையின் புகழ்பெற்ற ஓவியங்களைத் தீட்டியோருள் ஒருவராக நீலகம பட்டபெந்த என்பவரின் பெயர் வழங்குகிறது.

இப்பட்டறைகளின் நடைமுறையை விரிவாகப் பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்த அவர், கனிய ஆய்வுப் பணிக்காக நாட்டின் உட்பகுதிகளில் சுற்றிவந்தபோது, நலிந்துகொண்டிருந்த கைவினைஞர்களை நேரிற் கண்டு அவர்களுடைய வேலைமுறைகளைக் குறித்துவைத்தார். 1908இல் நிறைவுற்ற ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவருடைய பெருநூல் அவ்வாறு பிறந்தது.

அந்நூல் காட்டும் பயிற்சிமுறையில் ஓவியம் கற்க வரும் சிறுவன் முதலில் உருவங்களை வரைவதில்லை. இரண்டு எதிர்வளைவுகளை இணைக்கும் ‘வக தெக’ என்னும் கோட்டுப் பயிற்சியோடு அவனுடைய கல்வி தொடங்குகிறது. அவ்வளைவு கைக்கு வந்தபின் கொடி, மலர், இதழ் வரிசை எனக் கடினம் ஏறிச் செல்கிறது. மனித உருவமும் கதைக் காட்சியும் பின்னரே வருகின்றன. படிம அளவுகளைக் கூறும் சாரிபுத்திரம், உருவ இலக்கணம் கூறும் ரூபாவலிய ஆகிய நூல்களின் சுலோகங்களை மாணவன் மனனம் செய்கிறான். ஆனால் இவையெல்லாம் வேலையிலிருந்து விலகிய ஒரு பள்ளியில் நடப்பவை அல்ல. தந்தை அல்லது குரு உண்மையான விகாரையில், உண்மையான சுவரில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாணவன் அருகிலிருந்து எடுபிடி வேலைகளைச் செய்து, பார்த்து, தன் திறனுக்கேற்ற சிறு பகுதியைக் கையேற்கிறான்.

வேலையின் படிநிலைகளே பாடத்தின் படிநிலைகளாக இருந்தன. ‘மகுல்’ எனப்படும் வெண்களிமண்ணைக் கரைத்துச் சுவருக்கு வெள்ளைத் தளம் இடுவது; சாதிலிங்கத்தை அரைத்துச் சிவப்பும், அரிதாரத்திலிருந்து மஞ்சளும், விளக்குக் கரியிலிருந்து கருமையும் எடுப்பது; அவற்றை விளாம்பிசினில் குழைப்பது; அணில் மயிரிலும் ஒருவகைப் புல்லின் நுனியிலும் தூரிகை கட்டுவது எனத் தொடக்கநிலை மாணவனுக்கு ஏராளமான வேலை இருந்தது. பிசின் கூடினால் வண்ணம் வெடிக்கும், குறைந்தால் உதிரும் என்பதை அவன் விரல்களால் அறிந்துகொண்டான். அடுத்த நிலையில், ஆசான் இட்ட எல்லைக் கோடுகளுக்குள் தட்டையாக வண்ணம் நிரப்பினான். தம்புள்ளை ஓவியங்களின் செந்நிறப் பின்னணியும், நிழலாட்டம் இல்லாத தட்டை வண்ணமும், தெளிவான புறக்கோடும் இத்தகைய வேலைப் பகிர்வுக்கு மிகவும் பொருந்தியவை. கூட்டம் கூட்டமாக அமர்ந்திருக்கும் புத்தர்களை ஒரே அளவில் மீண்டும் மீண்டும் வரையும் கூரைப் பரப்புகள் பயிலும் கைக்கு ஓய்வற்ற பயிற்சியாகவும், முடிக்க வேண்டிய வேலையாகவும் ஒருங்கே பயன்பட்டிருக்கும். புறக்கோடு எவருடைய பொறுப்பு, நிரப்பு எவருடைய பொறுப்பு என்ற வரையறை மேற்பார்வையை எளிதாக்கியது. நிரப்பியவன் நாளை கோடிடுவான் என்ற எதிர்பார்ப்பு அந்த மேற்பார்வையைக் கல்வியாக்கியது.

எல்லாப் பொறுப்பையும் மாணவரிடம் ஒப்படைக்காத எல்லையும் இம்மரபில் தெளிவாக இருந்தது. புத்தர் படிமத்துக்கு இறுதியாகக் கண் எழுதும் ‘நேத்திர மங்கல்லிய’ என்னும் சடங்கு, தமிழகத்துச் சிற்பிகள் தெய்வப் படிமத்துக்குக் கண் திறப்பதை ஒத்தது. குறித்த நல்வேளையில், தலைமைக் கைவினைஞரே, படிமத்தை நேராக நோக்காமல் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக் கண்ணை எழுத வேண்டும். அப்போது விழும் முதற்பார்வை தீங்கு விளைவிக்கும் என்ற நம்பிக்கையால், முடித்தவுடன் அவருடைய கண்களைக் கட்டி வெளியே அழைத்துச் சென்று, அவர் முதலில் காணும் பொருளை வாளால் வெட்டச் செய்வர். பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸும் கண் எழுதும் வழக்கத்தைத் தம் நூலிற் குறிப்பிட்டுள்ளார். பயிலத்தக்க வேலையை மாணவருக்குப் பகிர்ந்த ஆசான், ஆபத்து மிகுந்ததெனக் கருதப்பட்ட வேலையைத் தானே ஏற்றார். எதை ஒப்படைப்பது, எதை ஒப்படைக்கக் கூடாது என்ற கேள்விக்கு அம்மரபு கண்ட விடை அதுவாகும்.

அழைப்பவரும் கற்பிப்பவரும்

கண்டி இராச்சியத்தின் நிருவாகம் இக்கைவினைஞர்களைக் ‘கொட்டல்பத்த’ என்னும் துறையின்கீழ் வைத்திருந்தது. ‘பத்த’ என்பது அரசனுக்குரிய சேவைகளையும் வரிகளையும் தொழில்வாரியாகத் திரட்டிய நிருவாகப் பிரிவு. மாகாணந்தோறும் அதற்கென விதானைமார் இருந்தனர். எத்தனை பேர், எந்த நாளில், எந்த வேலைக்கு வர வேண்டும் என்பதை அவர்கள் கவனித்தனர். அரண்மனையைச் சார்ந்து ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு பட்டறைகளும், ஒவ்வொன்றுக்கும் ‘மூலாச்சாரி’ என்னும் தலைமைக் கைவினைஞரும் இருந்தனர். ஆட்களை அழைக்கும் அதிகாரம் ஓரிடத்திலும், வேலையின் தரத்தைத் தீர்மானித்து இளையோருக்குக் கற்பிக்கும் அதிகாரம் மற்றோரிடத்திலும் இருந்தமை கவனிக்கத்தக்கது. வருகைக்கணக்கைப் பார்ப்பவர் தூரிகை பிடிக்கும் முறையில் தலையிடவில்லை. தூரிகை பிடித்தவரோ தம் பட்டறைக்குள் முழு அதிகாரம் உடையவராக இருந்தார்.

இம்மரபில் கற்பித்தலைத் தாங்கிய அடிப்படை நிலமேயாகும். கைவினைஞர் தம் சேவைக்குக் கூலியைவிடப் பெரும்பாலும் நிலமே பெற்றனர். மன்னர்கள் ‘சன்னஸ்’ எனப்படும் பட்டயங்களால் அதை வழங்கினர். அந்நிலத்தின் பங்கை அனுபவிப்பவர் அதற்குரிய சேவையைச் செய்தாக வேண்டும். ஆகவே ஓர் ஆசான் தன் மகனுக்கோ மருமகனுக்கோ தொழிலை அரைகுறையாகக் கற்பித்தால், குடும்பத்தின் வயலே கேள்விக்குள்ளாகும். மாணவன் வளர்வது ஆசானுக்குப் போட்டியாகவன்றி, முதுமைக்குக் காப்பாகவும் குலத்தின் வாழ்வாதாரமாகவும் இருந்தது.

இம்மரபைப் பொற்காலமாகப் போற்றுவது வரலாற்றுக்கு இழைக்கும் தவறாகும். சாதியும் பிறப்புமே தொழிலுக்குள் நுழையும் வாயிலைத் தீர்மானித்தன. அதிலிருந்து வெளியேறும் உரிமையும் எவருக்கும் எளிதில் இருக்கவில்லை. அரசசேவை கட்டாயமானது, மறுத்தவருக்குத் தண்டனை உண்டு. ஆயினும் அந்தக் கடுமையான சட்டகத்துக்குள்ளும் கற்பிப்பவரின் நலனும் கற்பவரின் வளர்ச்சியும் ஒரே திசையில் சென்றன என்பதை மறுக்க இயலாது.

கட்டாயம் மாறியது, கல்வி மறைந்தது

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்றதும், விகாரைத் திருப்பணிகளுக்கு ஆணையிட்டு நிலம் வழங்கும் அரசன் இல்லாமற் போனான். கோல்புறூக், கமறன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் ‘இராசகாரிய’ எனப்பட்ட கட்டாய அரசசேவை ஒழிக்கப்பட்டது. விகாரைக் காணிகளுக்குரிய சேவைகளுக்கு அப்போது அவ்வொழிப்பிலிருந்து விலக்களிக்கப்பட்டமையால் தம்புள்ளை போன்ற இடங்களில் பழைய முறை சிலகாலம் நீடித்தது. அச்சேவைகளையும் பணமாகச் செலுத்தித் தீர்க்க 1870ஆம் ஆண்டின் சேவைக் காணிச் சட்டம் வழிவகுத்தது. கட்டாயம் நீங்கியது விடுதலையே. ஆனால் கட்டாயத்தோடு ஒட்டியிருந்த கல்வியைத் தாங்குவதற்கு வேறோர் ஏற்பாடு அதனிடத்தில் வைக்கப்படவில்லை.

மேலும், ஒழிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கட்டாய உழைப்பு வேறு வடிவில் திரும்பியது. 1848இல் ஆளுநர் டொறிங்டனின் ஆட்சி புதிய வரிகளோடு ஒரு வீதிச் சட்டத்தையும் கொண்டுவந்தது. வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடான பணம் கட்ட வேண்டும் என்று அது விதித்தது. இராசகாரியத்தில் கைவினைஞர் தம் தொழிலையாவது செய்தார்; இங்கோ எவருடைய திறனும் ஒரு பொருட்டாகாமல் எல்லோரும் வெறும் ஆள்நாட்களாக எண்ணப்பட்டனர். அவ்வாண்டு யூலை மாதத்தில், தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. சில வாரங்களில் அது கடுமையாக ஒடுக்கப்பட்டது. வரிச்சுமையும் காணி இழப்பும் அதன் நேரடிக் காரணங்கள். ஆயினும் மக்களைத் தொழில் அறிந்தோராகக் காணாமல் எண்ணிக்கையாக மட்டும் கண்ட நிருவாகத்தின் மீதான சினமும் அதனுள் இருந்திருக்கலாம்.

வடக்கு வீதியின் கங்காணி

அதே காலத்தில், தம்புள்ளைக் குன்றை ஒட்டிய வடக்கு வீதியால் வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. 1830களிலிருந்து மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், நீரற்ற காட்டுவழியே பல நாட்கள் நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பசி ஆகியவற்றால் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். இன்று ஏ-9 எனப்படும் நெடுஞ்சாலையின் தம்புள்ளைப் பகுதி மலையகத் தமிழரின் முன்னோர் நடந்த துயரப் பாதையின் ஒரு பகுதியாகும்.

அவர்களை அழைத்துவந்தவர் கங்காணி. ஊரில் ஆள்கட்டி, முன்பணம் கொடுத்து, வழியில் சோறும் தங்குமிடமும் பார்த்து, தோட்டத்துத் துரையிடம் சேர்ப்பித்து, பின்னர் அங்கேயே அவர்களை மேற்பார்வை செய்தவர் அவரே. பல குழுக்களுக்குத் தலைவர் பெரிய கங்காணி. தன் உறவினரும் ஊரவரும் அடங்கிய சிறு குழுவுக்குத் தலைவர் சில்லறைக் கங்காணி. புதிதாக வந்தவருக்கு வழி தெரியாது, மொழி தெரியாது, மலைக்குளிர் பழக்கமில்லை. கங்காணியோ அனைத்தும் அறிந்தவர், உறவில் மாமனோ சித்தப்பனோ ஆனவர். ஓர் ஆசானுக்குரிய எல்லா வாய்ப்புகளும் அவருக்கு இருந்தன.

அவ்வாய்ப்பை அமைப்பு வேறு திசையில் திருப்பியது. சில்லறைக் கங்காணிக்கு வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் ‘பென்ஸ் காசு’ கிடைத்தது. பெரிய கங்காணிக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. ‘பிரட்டு’ எனப்பட்ட காலை ஆள்கணக்கெடுப்பில் எத்தனை தலை நின்றது என்பதே இரண்டின் கணக்கு. நின்றவர், கோப்பிக்குப் பின் வந்த தேயிலையின் கொழுந்தை எவ்வளவு நேர்த்தியாகக் கிள்ளினார், கவ்வாத்தை எவ்வளவு பிழையின்றி வெட்டினார் என்பது அக்கணக்கில் இல்லை. வழியில் உண்ட சோறும் தோணிக் கூலியும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. வழிகாட்டிய ஒவ்வொரு நாளும் கடனையும் வளர்த்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன்தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்த பின்பே ஆள் நகர முடியும். 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது.

ஆகவே தொழிலாளி திறன் பெற்று, கடன் தீர்த்து, தன்காலில் நின்றால் கங்காணிக்கு இழப்பு. தொழிலாளி என்றும் சார்ந்திருந்தாற்றான் அவருக்கு வருவாய். தோட்டத்தில் தொழிற்கல்வி நடக்கவில்லை என்பதல்ல. கொழுந்தெடுக்கும் விரல் வேகத்தைத் தாய்மாரும் மாமியாரும் புதுப் பெண்களுக்குக் காட்டினர். கத்தி பிடிக்கும் முறையை மூத்த ஆண்கள் இளைஞருக்குக் காட்டினர். தன் குடும்பத்தோடு தானும் மலையில் இறங்கிய சில்லறைக் கங்காணிகளும் கற்பித்தனர். ஆனால் அக்கல்வி ‘செக்ரோல்’ எனப்பட்ட எந்த வருகைப் பதிவேட்டிலும் பதியப்படவில்லை, எவருடைய ஊதியத்தையும் உயர்த்தவில்லை. 1921இல் துண்டு முறையும் சிறைத்தண்டனையும் ஒழிக்கப்பட்டன. 1923இல் இந்தியத் தொழிலாளர் சட்டம் வந்தது. கங்காணியின் பிடி படிப்படியாகத் தளர்ந்தது. அதன்பின்னும் ஆள்நாளை எண்ணும் பழக்கம் தோட்ட நிருவாகத்தில் ஆழமாக வேரூன்றியே இருந்தது.

இரு மரபுகள் தரும் பாடம்

கங்காணியைக் கொடியவராகவும் ஓவிய ஆசானை உத்தமராகவும் தீட்டினால் இந்த ஒப்பீடு பயனற்றுப் போகும். இரக்கமுள்ள கங்காணிகளும் கடுகடுத்த ஆசான்களும் இருந்திருப்பர். வேறுபாடு அவர்கள் எதற்காகப் பயன்பெற்றனர் என்பதில் உள்ளது. ஆசானின் நிலம் அடுத்த தலைமுறையின் திறனைச் சார்ந்திருந்தது. கங்காணியின் காசு அன்றைய பிரட்டின் எண்ணிக்கையைச் சார்ந்திருந்தது. ஆசான் வேலையைத் தானும் செய்தார், ஆகவே பிழையைக் கையில் கண்டு கையால் திருத்தினார். பெரிய கங்காணி வேலையிலிருந்து விலகிக் கணக்கில் நின்றார், ஆகவே பிழை அவருக்குக் குறைந்த எண்ணாக மட்டுமே தெரிந்தது.

உலகத் தொழில் வரலாறும் இதே வழியில் நடந்திருக்கிறது. 1911இல் அமெரிக்காவில் பிரெடெரிக் டெயிலர் வெளியிட்ட அறிவியல்முறை முகாமைத்துவக் கொள்கை, சிந்தித்துத் திட்டமிடுவதை மேலாளருக்கும் செய்வதைத் தொழிலாளிக்கும் எனப் பிரித்தது. இரண்டாம் உலகப்போரின்போது அனுபவமற்ற பெருந்தொகையினரைத் தொழிற்சாலைகளில் விரைந்து பழக்க நேர்ந்தபோது, அதே நாடு மேற்பார்வையாளருக்குக் கற்பிக்கும் முறையையே ஒரு பாடமாகப் புகட்டும் திட்டத்தை நாடெங்கும் நடத்த வேண்டியிருந்தது. போருக்குப் பின் அத்திட்டம் சப்பானியத் தொழிற்சாலைகளிலும் பரவியது. மேற்பார்வையிலிருந்து கழற்றப்பட்ட கற்பித்தலை மீண்டும் பூட்ட ஓர் அரசே முன்வர நேர்ந்தது என்பது அப்பிரிவினையின் விலையைக் காட்டுகிறது.

தம்புள்ளையிலேயே கற்பித்தலை நிருவாகத்துக்குள் மீண்டும் இணைக்கும் முயற்சி நிகழ்ந்ததுண்டு. 1980இல் நிறுவப்பட்ட மத்திய கலாசார நிதியத்தின் பணிகளின்கீழ், தொல்லியலாளர் சேனக பண்டாரநாயக்க சிகிரியா, தம்புள்ளைப் பகுதிகளில் ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியபோது, அகழ்வுக் குழிகளும் களவாய்வும் இளம் தொல்லியலாளரின் பயிற்சிக்களமாகவும் அமைந்தன. அறிக்கை முடிய வேண்டிய கால எல்லையும், மாணவர் கற்க வேண்டிய அவகாசமும் ஒரே திட்டத்துக்குள் இடம்பெற்றன.

இன்றைய வேலைத்தலங்களில் ஒரு பிரிவின் தலைவரிடம் கற்பிக்கும் மனம் வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. அவருடைய மதிப்பீடும் பதவியுயர்வும் அம்மாதத்து உற்பத்தி எண்ணை மட்டுமே பார்த்து வழங்கப்படுமாயின், அவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஆசானின் பண்பு, கொடுக்கப்படுவதோ தலைக்காசு. தன்னிடம் பயின்றவர் எத்தனை பேர் தனித்துப் பொறுப்பேற்கும் நிலைக்கு உயர்ந்தனர் என்பதும் அவருடைய கணக்கில் வரவாக எழுதப்பட வேண்டும். கற்பிப்பதற்குரிய நேரம் வேலைநேரத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும். கற்றுத் தேர்ந்தவர் விலகிச் செல்லும் உரிமையும் காக்கப்பட வேண்டும். குகையின் மரபில் முதலிரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை; வீதியின் மரபில் மூன்றுமே மறுக்கப்பட்டன. இம்மூன்றையும் ஒருங்கே தரும் நிறுவனம் எதுவோ, அதன் தலைவர்களே முகாமை செய்வதையும் பயிற்றுவிப்பதையும் முரணின்றிச் செய்ய முடியும்.